செப்புத் தகட்டில் பசுநெய்

நேற்றுக் காலை உங்கள் பட்டறை வாசலில் கால் வைத்தவுடனேயே தேங்காய் எண்ணெய் மணத்தது. மூக்கை நம்பாமல் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். திராவகத்தின் காரம், மையின் கசப்பு, நனைத்த கடதாசியின் புழுங்கல். எல்லாவற்றுக்கும் மேலே, தலைவாரிப் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைபோல, தேங்காய் எண்ணெய். உங்களில் ஒருவர் மெழுகை இளக்குவதற்கு அதை ஊற்றியிருக்கிறீர்கள். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். கத்தினால் எனக்கு இருமல் வரும். இருமல் வந்தால் நீங்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பரிதாபமாகப் பார்ப்பீர்கள். அந்தப் பார்வைக்கு எண்ணெய் மணமே மேல். ஆகவே வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இதை எழுதுகிறேன்.

ஐம்பது வயதில் வேலையை விட்டவன் நான். விருப்பத்தில் விடவில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனைப் பட்டறையில் இருபத்தாறு வருடம் திராவகத் தட்டுகளின்மேல் குனிந்து குடித்த புகை, நெஞ்சுக்குள் ஒரு மூலையில் குடியேறி, பிறகு வீடு முழுவதையும் தனதாக்கிக்கொண்டது. கடற்காற்று நல்லது என்றார் டாக்டர். வெள்ளவத்தையில் கோச்சித் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தேன். காற்று வருகிறது, நல்லதோ கெட்டதோ, சும்மா இருக்கவிடாமல் வருகிறது. கதவை அடிக்கிறது, கடதாசியைக் கிளப்புகிறது, எழுந்து நட, எழுந்து நட என்கிறது. நடந்தால் கால் உங்கள் பட்டறைக்குத்தான் போகிறது. போனால் தேங்காய் எண்ணெய்.

இளமெழுகு என்று நாங்கள் சொன்ன வேலை கேட்பதற்கு இலேசு. செப்புத் தகட்டில் பூசுகிற வழக்கமான மெழுகு நகம்போல இறுகிவிடும். ஊசியால் கீறினால்தான் கோடு. அதே மெழுகோடு கொழுப்பைச் சேர்த்தால் அது இறுகாது. அதன்மேல் மெல்லிய கடதாசி ஒன்றை விரித்துப் பென்சிலால் வரைந்தால், பென்சில் அழுத்திய இடத்து மெழுகெல்லாம் கடதாசியின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கடதாசியை உரித்தால் கோடு போன வழியில் செம்பு தெரியும். திராவகம் அந்த வழியைத் தின்னும். அச்செடுத்துப் பார்த்தால் அது ஊசிக்கோடு அல்ல, பென்சில்கோடு. கடதாசியின் நரம்பு, கை தயங்கிய இடம், வரைந்தவர் மூச்சு வாங்கிய இடம், எல்லாம் இருக்கும்.

இலேசு. ஆனால் அந்த மெழுகுக்கு எதையும் மறுக்கத் தெரியாது. கையை ஊன்றினால் கை. சட்டைக் கை உரசினால் சட்டைக் கை. நுளம்பு உட்கார்ந்து எழும்பினால் நுளம்பின் ஆறு கால்கள்.

சீமையிலிருந்து வந்த புத்தகத்தில் கொழுப்புக்கு ஓர் அளவு போட்டிருந்தது. கோடையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லியும் எழுதியிருந்தது. எந்தக் கோடை? யாருடைய கோடை? எழுதின மனுஷன் கம்பளிக் காலுறையோடு கணப்புக்கு முன்னால் இருந்து எழுதியிருக்கிறான். கொழும்பில் கோடை வருவதில்லை, ஐயா, போனால்தானே வர. முதல் வருடம் புத்தகத்தை நம்பி நான் கெடுத்த தகடுகளை அடுக்கினால் ஒரு சுவர் எழும்பியிருக்கும். அச்சு யந்திரம் சுற்றுகிற சிறில், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து எங்கள் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுகிற சிங்களவன், ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் அண்ணை என்று கூப்பிட்டுச் சொல்வான்:

"அய்யே, கொழுப்புக் கூடிப் போச்சு."

"தகட்டிலையோ?"

"தகட்டிலையும்."

அந்தக் கொழுப்பு மாட்டுக் கொழுப்பு. இறைச்சிக்கடையில் வாங்கி, உருக்கி, சீலையில் வடித்து, போத்தலில் அடைத்து வைப்போம். எனக்கும் சிறிலுக்கும் அது மையைப்போல, கந்தையைப்போல ஒரு சாமான். யாராவது அதை வேறு கண்ணால் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை என்று எழுத ஆசைதான். தோன்றியது. தோன்றித்தான் பொய் சொன்னேன்.

மனோன்மணி ரீச்சர் வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவர். முப்பது வயது. யாழ்ப்பாணத்துச் சைவ வீடு, தகப்பன் இல்லை, தாயும் மகளும் மட்டும். உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய காலம் அது. சனிக்கிழமைகளில் கோச்சியில் கோட்டை ஸ்டேசனுக்கு வந்து, டிராம் ஏறி, எங்கள் பட்டறைக்கு வருவார். நாங்கள் புதுக்கடைக் கோர்ட்டுப் புரொக்டர்மாரின் பெயர்ச்சீட்டுகளையும் கலியாண அழைப்புகளையும் புனிதர்களின் படங்களையும் அச்சடித்துக்கொண்டிருக்க, அவர் ஒரு மூலையில் தன் தகட்டோடு சண்டைபோடுவார். மெட்ராசில் சித்திரப் பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டு வருடம் படிக்க விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். சொந்தக் கையால் தகடு செய்து எடுத்த மூன்று படங்கள் அனுப்ப வேண்டும். இரண்டு முடிந்திருந்தன.

தாய்க்குச் சொல்லவில்லை.

"இடம் கிடைச்சால் சொல்லுவம் அண்ணை," என்றார். "கிடையாட்டில் ரெண்டு பேரும் ஏன் அழ? ஒராள் அழுதால் காணும்."

மூன்றாவது படத்துக்குத் தாயைத்தான் வரைய வேண்டும் என்று நின்றார். தாயோ கமராவைக் கண்டாலே சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடுகிற ஆள். மத்தியானம் சாப்பிட்டபின் ஒரு மணித்தியாலம் படுப்பாராம். அந்த நேரம் மட்டும்தான் முகம் கிடைக்கும். ஆகவே தகடு வெள்ளவத்தைக்குப் போக வேண்டியிருந்தது. மெழுகு பூசிய தகட்டைக் கோச்சியில் கொண்டுபோனால் சனத்தின் முழங்கையெல்லாம் அதில் பதிந்துவிடும். வீட்டிலேயே பூசட்டும் என்று மெழுகை உருண்டையாகக் கட்டிக் கொடுத்தேன். கொழுப்பை வேறாக, சின்னப் போத்தலில் கொடுத்தேன். அன்றன்றைய வெக்கைக்கு ஏற்றபடி சேர்ப்பதற்கு.

ரீச்சர் போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இது என்ன அண்ணை?"

"அதுவும் ஒரு மெழுகுதான், ரீச்சர்."

சிறில் சக்கரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு சக்கரத்தைப் பார்த்தான். நான் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. மரியாதை என்று நினைத்தேன். சைவக்காரியின் கையில் கொடுத்துவிட்டு இது மாடு என்று சொல்வதாவது? சொன்னால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்றால் படம் இல்லை. படம் இல்லையென்றால் மெட்ராஸ் இல்லை. எல்லாம் அவருடைய நன்மைக்கு. இப்படித்தான் நாங்கள் மற்றவர்களுக்காக யோசிக்கிறோம், அவர்களைக் கேட்காமல்.

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை பத்து மணிக்கு ரீச்சர் வந்தார். அன்று பின்னேரம் நாலு மணிக்குக் கோட்டைத் தபால் கந்தோரில் கட்டும் பையில் விண்ணப்பம் போனால்தான் உரிய தேதிக்கு மெட்ராஸ் சேரும். கையில் ஒரு பிஸ்கட் தகரம். உள்ளே நாலு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்து, தகட்டை எதிலும் முட்டாமல் கொண்டுவந்திருந்தார். வரையும்போது கை படாமல் இருக்க இரண்டு அகராதிகளின்மேல் அடிமட்டத்தைப் பாலமாக வைத்து அதில் கையூன்றினாராம். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டே மூடியைத் திறந்தேன்.

கடதாசி இன்னும் தகட்டில் ஒட்டிக் கிடந்தது. வடை சுற்றிய கடதாசிபோல ஊறி, உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது.

"ரீச்சர், இது என்ன?"

"படம்."

"படம் தெரியுது. கடதாசிக்கு என்ன நடந்தது?"

"கொஞ்சம் ஊறிப் போச்சுது."

"எதிலை ஊறினது?"

ரீச்சர் தன் ஓட்டைக் குடையைச் சுவரில் சாய்த்தார். அது விழுந்தது. திரும்பவும் சாய்த்தார்.

"நெய்யிலை."

"என்ன நெய்?"

"பசு நெய். வீட்டிலை உருக்கினது. நல்ல நெய், அண்ணை."

தகரத்தின் மூடியை மூடி, திரும்பவும் திறந்தேன். சிறில் பேசவிட்டுப் பார்ப்போம் என்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான் தந்த போத்தல் எங்கை?"

"அம்மா மணந்து பாத்தா. இது மெழுகம்மா எண்டு சொன்னனான். 'உன்ரை மெழுகுக்குக் கொம்பும் வாலும் இருக்குதடி' எண்டு போத்தலோடை கொண்டுபோய்க் கடலுக்கை எறிஞ்சிட்டா. அதுக்குப் பிறகு நான் அதை எப்பிடி வீட்டுக்கை கொண்டுவாறது? இளகிறதுக்குக் கொழுப்புத்தான் வேணுமெண்டு அப்பதான் விளங்கினது. நெய்யும் கொழுப்புத்தானே."

"நெய்யும் மாட்டிலையிருந்துதானே வருது, ரீச்சர்!"

"நெய் வாறதுக்கு மாடு உயிரோடை இருக்கோணும், அண்ணை."

சிறில் சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு, எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. "எத்தினை தரம் சொன்னனான், என்ன சந்தேகமெண்டாலும் என்னட்டைக் கேளுங்கோ எண்டு? ஏன் வந்து கேக்கேல்லை?"

"கேட்டனான்தானே," என்றார் ரீச்சர், குரலை உயர்த்தாமல். "மெழுகெண்டு சொன்னியள்."

பிள்ளைகளே, இருபத்தாறு வருடத்தில் என்னைப் பலர் திட்டியிருக்கிறார்கள். கலியாண அழைப்பில் மாப்பிள்ளையின் பெயரில் ஒரு சுழி விட்டதற்காக ஒரு குடும்பமே வந்து திட்டியிருக்கிறது. அதெல்லாம் துடைத்தால் போகிற மை. இது போகவில்லை. ஆகவே தேங்காய் எண்ணெய் ஊற்றியவர் யாரோ, நீங்கள் அடுப்படிச் சோம்பலில் ஊற்றியிருந்தால் உங்களுக்கு என் கத்தல் பாக்கி இருக்கிறது. கொழுப்பைக் கையால் தொடமுடியாத வீட்டிலிருந்து வருவதால் ஊற்றியிருந்தால், வந்து சொல்லுங்கள். வேறு வழி பார்ப்போம். போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று நானும் சொல்கிறேன்.

தகட்டுக்கு வருகிறேன். கடதாசியின் ஒரு மூலையை நகத்தால் மெல்ல உயர்த்தினேன். மெழுகு இழையிழையாகத் தேன்போல எழும்பியது. பென்சில் தொடாத இடத்திலும் செம்பு பளிச்சென்றது. விட்டேன். இழுத்தால் மெழுகு முழுக்கக் கடதாசியோடு வந்துவிடும். தகட்டில் தாயும் இருக்கமாட்டார், தலையணையும் இருக்காது.

"இன்னொருக்கா வரையேலாதோ?"

"மூண்டு மத்தியானம் வரைஞ்சது, அண்ணை. இண்டைக்கு நாலு மணிக்குத் தபால்."

அந்த நேரத்தில் என் கை எதையாவது செய்யத் துடித்தது. சூடு காட்டு, தூள் தூவு, பெட்ரோலால் துடை, ஏதாவது செய். பட்டறையில் கெட்டுப்போன வேலைகளில் பாதி, ஏதாவது செய்ய வேண்டும் என்று செய்ததால் கெட்டவை. கையைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். வெளியே கொட்டாஞ்சேனை வெயில். ஒரு மாட்டுவண்டிக்காரன் யாரையோ ஏசிக்கொண்டு போனான். தார் உருகி மணந்தது. எல்லாம் உருகுகிறது; தார், மெழுகு, நான். உறைய வைப்பது எது?

"சிறில், ஐஸ்."

சிறில் ஓடினான். கால் மணித்தியாலத்தில் ஒரு சாக்கு மூட்டையைத் தோளில் சுமந்து வந்தான், முதுகெல்லாம் தண்ணீர். கண்ணால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அய்யே, மாளு ஐஸ் விதரய்," என்றான். மீன் ஐஸ் மட்டும்தான் கிடைத்ததாம். சந்தையில் மீன்தட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். சாக்கை அவிழ்த்தால் ஐஸ் கட்டியின் கன்னத்தில் ஒரு செதில் ஒட்டிக் கிடந்தது, வெள்ளிக்காசுபோல.

பழைய நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். செதிலைத் தட்டிவிட்டு, மெழுகுச்சீலையால் மூடி, ஐஸ் என்றால் ஐஸ்தான் என்றிருப்பேன். வாய் அதற்குத் தயாராகத் திறந்துவிட்டது. திறந்த வாயாலேயே வேறொன்றைச் சொன்னேன்.

"ரீச்சர், இது மீன்கடை ஐஸ். மீனுக்கு மேலை கிடந்தது. இதுக்கு மேலைதான் தகட்டை வைக்கவேணும். நீங்கள் ஓமெண்டால் வைக்கிறன்."

ரீச்சர் செதிலைப் பார்த்தார். "தகடு மணக்குமோ?"

"தகடு மணக்காது. பட்டறை மணக்கும். நீங்களும் கொஞ்சம் மணப்பியள்."

கண்ணை மூடித் திறந்தார். "வையுங்கோ."

துத்தநாகத் தட்டில் ஐஸைப் பரப்பி, மெழுகுச்சீலை விரித்து, தகட்டைக் கிடத்தினோம். அப்போது வாசலில் ஒரு ரிக்‌ஷா நின்றது. மெலிந்து உயர்ந்த ஒரு மனுஷி, வெள்ளைச் சேலை, இடது கன்னத்தில் மச்சம். உள்ளே கால் வைத்ததும் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, "மனோ," என்றார்.

ரீச்சரின் முகம் போன போக்கில் யார் என்று தெரிந்துவிட்டது.

"அம்மா, நீங்கள் என்னண்டு இஞ்சை..."

"நெய்ப் போத்தல் வெறும் போத்தல். அலுமாரிக்குக் கீழை முழுக்க மெழுகு. நீ வாற இடம் உன்ரை கொப்பியிலை எழுதிக் கிடக்கு. எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டோ நினைச்சனி?" என் பக்கம் திரும்பினார். "நீர்தானோ அந்த மெழுகுக்காரர்?"

"ஓம் அம்மா."

"அந்தப் போத்தலுக்கை கிடந்தது என்ன?"

தாயின் தோளுக்குப் பின்னால் ரீச்சர் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"மாட்டுக் கொழுப்பு, அம்மா. மெழுகெண்டு சொன்னது நான். ரீச்சருக்குத் தெரியாது."

"ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"உண்மையைச் சொன்னால் வாங்கமாட்டா எண்டு நினைச்சன்."

"வாங்கியிருக்கமாட்டாள். அது அவளின்ரை பாடு. உமக்கென்ன?"

நான் தட்டைச் சுற்றி வடிந்த ஐஸ் தண்ணீரைக் கந்தையால் ஒற்றினேன்.  

தாய் ஐஸ் தட்டை எட்டிப் பார்த்தார். மீனைக் கண்டுகொண்டார் என்பது மூக்கிலிருந்த தலைப்பு இன்னும் இறுகியதில் தெரிந்தது. ஆனால் கேட்டது வேறு. "உதுக்கு இவ்வளவு பாடு படுறியள். இது எங்கை போகப்போகுது?"

 என் போத்தலுக்குள் இருந்ததைச் சொல்லிவிட்டேன். இது என் போத்தல் அல்ல. ரீச்சரைப் பார்த்தேன். சிறில் சுத்தமாக இருந்த யந்திரத்தைத் துடைக்கத் தொடங்கினான்.

"மெட்ராசுக்கு," என்றார் ரீச்சர்.

"படமோ?"

"முதலிலை படம்."

மாதா கோவிலில் பன்னிரண்டு மணி அடித்தது.  பிறகு என்ன என்று தாய் கேட்கவில்லை. எனக்கோ நேரம் போய்க்கொண்டிருந்தது. காணும், போதும் என்று நினைத்துத் தகட்டை எடுக்கக் கையை நீட்டினேன்.

"பொறும்," என்றார் தாய். "இன்னும் மினுக்கம் போகேல்லை. உறைஞ்ச நெய் மினுங்காது."

கடதாசிக்கு வெளியே, விளிம்பில் தெரிந்த மெழுகைச் சுட்டிக் காட்டினார். ஆம், அது ஈரமாக மினுங்கியது. அளவுத்தராசு வைத்து, புத்தகம் வைத்து இருபது வருடம் பார்த்த என் கண்ணுக்கு அது படவில்லை. மீன் வீச்சம் அடிக்கிற அந்தத் தட்டுக்கு மேலே மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் கால் மணித்தியாலம் குனிந்து நின்றார். கதிரை போட்டேன், இருக்கவில்லை. விளிம்பு மெல்ல மங்கி, பழைய பித்தளைபோலக் கறுத்தது.

"இப்ப."

நான் உரிக்கவில்லை. கோடு ரீச்சருடையது, உரிப்பதும் அவருடைய கைதான். காய்ந்த வெங்காயத்தோல்போல, சரசரவென்று ஒரு சத்தத்தோடு கடதாசி எழும்பியது. செம்பில் கோடுகள் நின்றன. நெற்றி, மூடிய இமை, கழுத்தின் மடிப்பு, அவிழ்ந்த கொண்டை. நான் முதலில் நகம் வைத்த மூலையில் மட்டும் ஒரு சொட்டை. எனக்கு என்மேல் வந்த எரிச்சலை எழுதத் தேவையில்லை.

தாய் கடதாசியை வாங்கிப் பென்சில் பக்கத்தைப் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறன்."

"நித்திரையிலை எல்லாரும் அப்பிடித்தானே, அம்மா."

"ஆர் நித்திரை?"

ரீச்சர் நிமிர்ந்தார்.

"பென்சில் கரகரவெண்டு காதுக்கை கேட்டால் ஆருக்கு நித்திரை வரும்? மூண்டு நாளும் முழிப்பு. ஒரு பக்கம் முழுக்க மரத்துப்போச்சு. புரண்டால் நீ திரும்பவும் முதலிலையிருந்து தொடங்குவாய் எண்டுதான் அசையாமல் கிடந்தனான்."

நான் திராவகத் தட்டைக் கழுவப் போனேன். அது கழுவிய தட்டுத்தான். இன்னொரு தடவை கழுவினேன்.

மிச்சமிருந்த ஐஸைத் திராவகத் தட்டுக்குக் கீழேயும் கொடுத்தோம். குளிரில் திராவகம் சோம்பேறி. கால் மணித்தியாலத்தில் தின்பதை ஒரு மணித்தியாலம் தின்றது. இறகால் குமிழிகளைத் தள்ளிக்கொண்டே நின்றேன். அந்த மூலைச் சொட்டையை வார்னிஷால் மூடலாமா என்று யோசித்தேன். மூடப்போனால் பக்கத்துக் கோடுகளும் போகும். விட்டேன். விட்டது சரியா பிழையா என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. அதுவும் ஒரு வசதி.

சிறில் மை பூசித் துடைத்து, நனைத்த கடதாசியை வைத்து, சக்கரத்தைச் சுற்றினான். கம்பளியை விலக்கினோம். பென்சிலின் மணல்போன்ற கோட்டில், மத்தியான வெளிச்சத்தில், ஒரு முகம். தலையணைப் பக்கத்தில் என் நகம் செய்த சாம்பல் மேகம். கண்களை மூடியிருக்கிற அந்த முகம் தூங்கவில்லை என்பது அச்சில் தெரிந்தது. வரைந்தவருக்குத் தெரியாதது அவருடைய கைக்குத் தெரிந்திருக்கிறது. இமையின் கோட்டில் அத்தனை விழிப்பு.

"மச்சத்தை அங்காலை மாத்திப்போட்டியள்," என்றார் தாய்.

"அச்சிலை எல்லாம் திரும்பித்தான் வரும், அம்மா," என்றான் சிறில். "கண்ணாடி பாக்கிற மாதிரி."

தாய் இன்னும் கொஞ்சம் பார்த்தார். "அதுதான். எனக்குத் தெரிஞ்ச முகம் இதுதான்."

மேகத்தைத் தகட்டில் சுரண்டி எடுத்துவிட்டு இன்னொரு அச்சு எடுக்கலாம் என்றேன். ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார், மூன்று ஆகிக்கொண்டிருந்தது. "இருக்கட்டும் அண்ணை," என்றார். "உங்கடை கையெழுத்தும் கிடக்கட்டும்." அது பகிடியா குத்தலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஈரத்தோடேயே ஒற்றுக் கடதாசிக்குள் வைத்து, மற்ற இரண்டு படங்களோடு மட்டையில் கட்டினோம். இடம் கிடைத்தது, அந்தக் கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்தது. சாம்பல் மேகத்தை அங்கே யாரோ மெச்சியுமிருந்தார்களாம். அதைக் கேட்டுச் சிறில் இரண்டு நாள் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது கடிதத்தை அல்ல. அன்று கோட்டைக்கு டிராம் பிடிக்க அவர்கள் இருவரையும் தரிப்புவரை கொண்டுபோய் விட்டேன்.  மகள் நாலடி முன்னால், மட்டையைக் குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. தாய் என்னோடு. ரீச்சரின் கழுத்து விறைத்திருந்தது. போகலாமா, கூடாதா என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியாது என்ற கழுத்து. நான் குறுக்கே ஏதாவது சொல்லலாமா என்று நாலு தரம் யோசித்து, நாலு தரமும் வாயை மூடிக்கொண்டேன். என் தொழில்வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலைகளில் அதுவும் ஒன்று.

டிராம் வந்தது. ரீச்சர் திரும்பிப் பார்க்காமல் ஏறி, உள்ளே ஓர் இருக்கை பிடித்தார். தாய் ஒரு காலைப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"மெட்ராசிலை வெயில் எப்பிடி, தம்பி?"

"நான் போய்ப் பாக்கேல்லை, அம்மா. இஞ்சத்தையைவிடக் கடுமையெண்டு சொல்லுவினம்."

கண்டக்டர் மணியை இழுத்தான்.

"அப்ப இவளின்ரை ஓட்டைக் குடை காணாது," என்றார். "நல்லதொண்டு வாங்கோணும்."